சிசேரியனுக்குப் பிந்தைய வலி: துணை மருந்துகளில் எது எவ்வளவு உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியனாக நடக்கின்றன. இந்திய அளவில் அது 21.5. இத்தனை தாய்மார்களும் அறுவை முடிந்த மறுநாளே எழுந்து உட்கார வேண்டும், நடக்க வேண்டும், குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட வேண்டும். பித்தப்பை அறுவை செய்துகொண்டவரிடம் மறுநாளே ஒரு குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. முதுகு ஊசியோடும் வழக்கமான வலி மாத்திரைகளோடும் கூடுதலாகச் சேர்க்கப்படும் மருந்துகளைப் பற்றி, மயக்கவியல் துறையினரிடம் தாய்மார்களும் குடும்பத்தினரும் இளம் மருத்துவர்களும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன. குறிப்பிடப்படும் அளவுகள் ஒப்பிட்டுப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. ஒருவருக்கு உரிய அளவை அவரைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

துணை மருந்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலான சிசேரியன்கள் முதுகுத்தண்டில் போடப்படும் ஊசியின் கீழ் நடக்கின்றன. அதில் செல்லும் முதன்மை மருந்து பியூபிவகெயின். மார்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வது அதுதான். அந்த ஊசிக்குள்ளேயே மிகச் சிறிய அளவில் கலக்கப்படும் ஃபெண்டனில், மார்ஃபின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்றவை ஒரு வகைத் துணை மருந்துகள். அறுவை முடிந்தபின் நரம்பு வழியாகவோ மாத்திரையாகவோ வயிற்றுச் சுவரில் ஊசியாகவோ தரப்படுபவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் பேச்சில் பாதிக் குழப்பம் வருகிறது.

முதுகு ஊசியின் மரப்பு போனபின் எப்படிப்பட்ட வலி வரும்?

பியூபிவகெயினை மட்டும் தந்தால், சுமார் இரண்டு மணி நேரத்தில் கால் விரல்கள் அசையத் தொடங்கும். வலியும் பின்னாலேயே வரும். அந்த வலி ஒன்றல்ல. தையல் போட்ட இடத்தில், அசையும்போதும் இருமும்போதும் சுரீர் என்று இழுப்பது ஒன்று. கருப்பை சுருங்கும்போது அடிவயிற்றில் ஆழமாகப் பிசைவது போல் வருவது இன்னொன்று. குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை இறுகுவதால், பாலூட்டும் நேரத்தில் இரண்டாவது வலி கூடும். முதல் பிரசவத்தைவிட இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இது கடுமையாக இருக்கும். ஒரு மருந்து தையல் வலியை அடக்கிக் கருப்பை வலியைத் தொடாமல் விடக்கூடும் என்பதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதையே சார்ந்துள்ளன.

வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன? பச்சை உடம்பில் இத்தனை மருந்து ஏன்?

பெரும்பாலும் மாமியாரோ அம்மாவோ கேட்கும் கேள்வி இது, அக்கறையில் கேட்பதுதான். ஆனால் வலிக்குப் பயந்து அசையாமல் படுத்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, ஆழ்ந்து மூச்சு விடவும் சளியை இருமி வெளியேற்றவும் முடிவதில்லை, பாலூட்டல் தள்ளிப்போகிறது. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசவத்தை ஒட்டிய நாட்களில் கடும் வலியை அனுபவித்த பெண்களுக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகும் நீடிக்கும் வலியும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அது சுகப்பிரசவமா சிசேரியனா என்பதைவிட வலி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதோடுதான் அதிகம் தொடர்புகொண்டிருந்தது.

இந்த மருந்துகளை ஆய்வுகளில் எப்படி ஒப்பிடுகிறார்கள்?

பொதுவாகத் தாய்மார்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அல்லது மூன்று குழுக்களாகப் பிரித்து, யாருக்கு எந்த மருந்து என்பது தாய்க்கும் தெரியாமல் வலியைப் பதிவு செய்பவருக்கும் தெரியாமல் ஊசிகளைத் தயாரித்துத் தருவார்கள். பிறகு நான்கு விஷயங்களைக் கணக்கெடுப்பார்கள்: தாய் முதன்முதலாகக் கூடுதல் வலிமருந்து கேட்க எத்தனை மணி நேரம் ஆயிற்று, 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு வலிமருந்து தேவைப்பட்டது, 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் வலி எத்தனை, வாந்தி, அரிப்பு, தூக்கக் கலக்கம், இரத்த அழுத்தக் குறைவு போன்ற பக்கவிளைவுகள் எத்தனை பேருக்கு வந்தன.

இத்தகைய ஆய்வு எதைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "எதனோடு ஒப்பிட்டார்கள்?" என்பதுதான். வெறும் பியூபிவகெயினோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எந்தத் துணை மருந்தும் நன்றாகத்தான் தெரியும். வழக்கமான வலி மருந்துகளான பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இரு குழுவினருக்கும் நேரம் தவறாமல் தரப்பட்டனவா என்று பாருங்கள். அவற்றைத் தராமல், வலி வந்தபின் கேட்டால் மட்டும் மருந்து என்று வைத்த ஆய்வில் புதிய மருந்து அள்ளிக்கொடுக்கும் பலன், அடிப்படைச் சிகிச்சை ஒழுங்காக நடக்கும் வார்டுக்கு வரும்போது பாதியாகச் சுருங்கிவிடும். இத்துறை ஆய்வுகளில் நான் காணும் பெரிய குறை இதுவே.

வலி எப்போது அளக்கப்பட்டது என்பதும் முக்கியம். படுத்திருக்கும்போது 2 என்று சொல்லும் தாய், குழந்தையை எடுக்க ஒருக்களித்துத் திரும்பும்போது 7 என்பார். ஓய்வில் எடுத்த எண்ணை மட்டும் தரும் ஆய்வு பாதிக் கதையைத்தான் சொல்கிறது. அதே போல, பத்தில் அரைப்புள்ளி குறைந்தது என்பது கணக்கியல்படி உறுதியான வேறுபாடாக இருக்கலாம். கட்டிலில் கிடப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

முதுகு ஊசியில் ஃபெண்டனில் சேர்ப்பதற்கும் மார்ஃபின் சேர்ப்பதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டும் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலிமருந்துகள். ஃபெண்டனில் கொழுப்பில் எளிதில் கரைவதால் சில நிமிடங்களில் தண்டுவடத்துக்குள் நுழைந்துவிடும். 10 முதல் 25 மைக்ரோகிராம் வரை தந்தால், அறுவையின்போது கருப்பையை வெளியே எடுத்துத் தைக்கையில் வரும் இழுப்பும் குமட்டலும் குறையும். ஆனால் அதன் பலன் இரண்டு முதல் நான்கு மணி நேரம்தான். இரவு வலிக்கு அது உதவாது.

மார்ஃபின் நீரில் கரையும் தன்மையுடையது. தண்டுவட நீரில் நெடுநேரம் தங்கி, மெதுவாக வேலை செய்கிறது: தொடங்கவே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், பலன் அரை நாளைத் தாண்டி, பலருக்கு ஒரு முழு நாள் வரை நீடிக்கும். தையல் வலி, கருப்பை வலி இரண்டையும் அடக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு. முன்னாளில் 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் தந்தார்கள். இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டுதல் 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும் என்கிறது. அளவைக் கூட்டினால் பலன் சற்று நீளும். அரிப்பும் வாந்தியும் அதைவிட வேகமாகக் கூடும்.

அவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா மருத்துவமனைகளிலும் மார்ஃபின் தருவதில்லை?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது சட்டம். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் மார்ஃபினை வாங்குவதும் வைத்திருப்பதும் உரிமம், பதிவேடு என்று நீளும் வேலையாயிற்று. 2014 இல் திருத்தம் வந்து நடைமுறை எளிதானபோதும் பல சிறு நர்சிங் ஹோம்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

இரண்டாவது, கலக்கும்போது நேரக்கூடிய பிழை. இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு மி.லி. குப்பியில் 10 மி.கி. மார்ஃபின் இருக்கிறது என்று வையுங்கள். நமக்கு வேண்டியது 0.1 மி.கி., அதாவது குப்பியில் நூற்றில் ஒரு பங்கு. எனவே குப்பி முழுவதையும் உப்புநீரில் கலந்து 10 மி.லி. ஆக்கி, அதிலிருந்து 0.1 மி.லி. மட்டும் இன்சுலின் சிரிஞ்சு போன்ற சிறிய சிரிஞ்சில் எடுக்க வேண்டும். சிரிஞ்சின் கோட்டை ஒரு கணம் தவறாகப் படித்து 1 மி.லி. எடுத்துவிட்டால், செல்வது பத்து மடங்கு. அதனால்தான் இரண்டாவது ஆள் ஒருவர் அளவைச் சரிபார்க்க வேண்டும், லேபிள் ஒட்டாமல் சிரிஞ்சைத் தட்டில் வைக்கக்கூடாது என்பது விதியாக இருக்கிறது. மேலும், முதுகில் போடும் மார்ஃபினில் பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கக்கூடாது. கையில் கிடைக்கும் எல்லாக் குப்பிகளும் அப்படிப்பட்டவை அல்ல.

மூன்றாவது, கண்காணிப்பு. மார்ஃபின் அரிதாக, பல மணி நேரம் கழித்தும் மூச்சை மந்தமாக்கக்கூடும். குறைந்த அளவில், உடல்நலமுள்ள பெண்ணுக்கு இந்த ஆபத்து மிகச் சிறியது என்றாலும், அன்றிரவு மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு செவிலியர் வந்து பார்த்தாக வேண்டும். நாற்பது படுக்கைக்கு ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் இதை எதிர்பார்ப்பது கடினம். உடல் பருமன் அதிகமுள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், தூக்க மருந்தோ மெக்னீசியம் சிகிச்சையோ பெறுபவர்கள் ஆகியோருக்குக் கண்காணிப்பு இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

மார்ஃபின் போட்ட பிறகு மூக்கும் முகமும் அரிக்கிறதே, ஒவ்வாமையா?

பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள ஓபியாய்டு ஏற்பிகள் தூண்டப்படுவதால் வருவது. தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு இருந்தால் மட்டுமே ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். வழக்கமாகப் போடும் அவில் ஊசி இந்த அரிப்பின் மூலத்தைத் தொடுவதில்லை. தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். தாங்க முடியாத அரிப்புக்கு ஓபியாய்டின் இவ்விளைவைத் தடுக்கும் நல்புஃபைன் அல்லது நலாக்ஸோன் மிகச் சிறு அளவில் பயன்படும்.

டெக்ஸ்மெடிடோமிடின் இப்போது அதிகம் பேசப்படுகிறதே?

ஆம், நம் மருத்துவக் கல்லூரிகளின் முதுகலை ஆய்வேடுகளில் இதைத் தவிர்க்கவே முடியாது. இதுவும் குளோனிடினும் நரம்புகளிலுள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டும் வகையைச் சேர்ந்தவை. முதுகு ஊசியில் 5 மைக்ரோகிராம் சேர்த்தால் மரப்பும் வலியற்ற நேரமும் ஃபெண்டனிலைவிடத் தெளிவாக நீள்கின்றன. அறுவை மேசையில் பல் கிட்டும் அளவுக்கு வரும் குளிர் நடுக்கமும் குறைகிறது. மார்ஃபினின் அரிப்பு இதில் இல்லை. மார்ஃபின் கிடைக்காத இடங்களில் இது ஈர்ப்பதற்குக் காரணம் இவைதான்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இது 1999 இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளை அமைதிப்படுத்துவதற்காக, நரம்பு வழியே செலுத்த அனுமதிக்கப்பட்ட மருந்து. முதுகில் போடுவது அந்த அனுமதிக்கு வெளியே நடக்கும் பயன்பாடு. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையலாம். கால் மரப்பும் சேர்ந்தே நீள்வதால் தாய் எழுந்து நடப்பது தள்ளிப்போகும். வலியற்ற நேரம் என்று ஆய்வு வரவு வைப்பதில் ஒரு பகுதி உண்மையில் இந்த மரப்புதான். குப்பியில் ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் இருப்பதால், மேலே சொன்ன கலக்கும் சிக்கல் இதற்கும் உண்டு. மேலும், நீட்டிக்கப்பட்ட பலன் சில மணி நேரக் கணக்குதான். மார்ஃபின் போல மறுநாள் காலை வரை இதை நம்ப முடியாது.

குளோனிடினைப் பொறுத்தவரை, முதுகுப்புற வழியில் பிரசவ வலிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்காவில் மருந்தின் உறையிலேயே எச்சரிக்கை உள்ளது. இரத்த அழுத்தம் சரிவதே காரணம்.

மிடசோலம், மெக்னீசியம் போன்றவற்றையும் முதுகில் சேர்க்கிறார்களாமே?

சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. கிடைக்கும் பலன் சிறிது. நரம்புத் திசுவுக்கான பாதுகாப்புச் சான்று அதைவிடச் சிறிது. என் பார்வையில் அன்றாட வேலைக்கு இவை தேவையில்லை.

வயிற்றுச் சுவரில் போடும் நரம்பு ஊசி, அதாவது டாப் பிளாக், யாருக்குப் பயன்படும்?

அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே இருபுறமும் மரப்பு மருந்தைச் செலுத்துவதே டாப் பிளாக். திரையில் கறுப்பும் சாம்பலுமாக மூன்று தசைப் பட்டைகள் தெரியும். ஊசி முனை உள் இரண்டுக்கும் இடையில் நின்று மருந்து போகும்போது, அந்த இடைவெளி கண் இமை திறப்பது போல் விரியும். சரியாக விழுந்ததற்கு அதுவே அடையாளம்.

இது தையல் வலிக்கு நல்லது; கருப்பை வலியைத் தொடாது. முதுகில் மார்ஃபின் பெற்றவருக்கு இதைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் நன்மை மிகக் குறைவு என்பதில் ஆய்வுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. மார்ஃபின் பெறாதவருக்கும், முழு மயக்கத்தில் அறுவை நடந்தவருக்கும் இது பெரிய ஆறுதல். அல்ட்ராசவுண்டு கருவி இல்லையென்றால், தையல் போடும் முன் அறுவை மருத்துவரே காயத்தின் விளிம்புகளில் மரப்பு மருந்தைச் செலுத்தலாம். செலவும் இல்லை, தனித் திறமையும் தேவையில்லை.

அளவில்தான் கவனம் வேண்டும். 0.25 சதவீத பியூபிவகெயின் பக்கத்துக்கு 20 மி.லி. என்றால் மொத்தம் 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்ற வரம்பின்படி 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதுவே எல்லை. நம் ஊரில் 50 கிலோவுக்குக் கீழ் உள்ள தாய்மார்கள் ஏராளம். பிரசவ காலத்தில் உடல் இம்மருந்தின் நச்சுத்தன்மைக்கு எளிதில் ஆட்படும் என்பதால், அந்த நச்சை முறிக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அருகில் இருக்க வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு அல்லவா? அதை ஏன் தருகிறார்கள்?

குழந்தை வெளியே வந்தபின் ஒரே ஒரு முறை நரம்பில் தரப்படும் இது, வாந்தியை நன்றாகக் குறைத்து வலியையும் ஓரளவு குறைக்கிறது. ஒருமுறை தருவதால் ஸ்டீராய்டு பற்றிப் பொதுவாக அஞ்சப்படும் விளைவுகள் வருவதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு நாள் சர்க்கரை ஏறும்; அவர்களுக்கு யோசித்துத் தர வேண்டும்.

டிரமடால் ஊசி போட்டால் பால் கொடுக்கலாமா?

நம் மருத்துவமனைகளில் மிகப் பரவலாகப் போடப்படும் ஊசி இது என்பதால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டிரமடாலும் கோடீனும் உடலில் ஒரு நொதியால் வலிமையான பொருளாக மாற்றப்பட்ட பிறகே முழுவதாக வேலை செய்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மிகையாக இயங்கும். 2005 இல் கனடாவின் டொராண்டோவில், கோடீன் சாப்பிட்ட அத்தகைய தாயின் பாலைக் குடித்த 13 நாள் குழந்தை இறந்தது. மறு ஆண்டு மருத்துவ உலகம் அதை அறிந்தது. 2017 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாலூட்டும் தாய்மார்கள் கோடீனையும் டிரமடாலையும் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது.

டிரமடால் பாலில் செல்லும் அளவு குறைவு. முதல் ஓரிரு நாட்களில் சீம்பாலின் அளவே சிறிது. ஆகவே முன்பே ஓர் ஊசி போட்டாகிவிட்டது என்பதற்காகப் பீதியடைந்து பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறதா, பால் குடிக்க எழ மறுக்கிறதா, மூச்சில் திணறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே காட்டுங்கள். ஆனால் வலி என்று சொன்னதும் முதலில் கைபோகும் மருந்தாக டிரமடால் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது தாய்க்குத் தரும் குமட்டல் ஒன்றே போதும்: தைத்த வயிற்றோடு வாந்தி எடுப்பதைவிடக் கொடிய வலி வேறில்லை.

கபாபென்டின், குறைந்த அளவு கீட்டமின்?

எல்லாருக்கும் தர வேண்டியவை அல்ல. நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின் தலைசுற்றலும் தூக்கமும் தரும். ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும். மயக்க மருந்தான கீட்டமின் சிலருக்கு விசித்திரமான காட்சிகளைக் காட்டும். பிறந்த குழந்தையை முதன்முறை பார்க்கும் நேரத்தில் அது வேண்டாத விருந்தாளி. நீண்டகால வலியோடு வாழ்பவர்கள், ஓபியாய்டுக்குப் பழகிப்போனவர்கள் போன்றோருக்கு இவற்றுக்கு இடமுண்டு.

வெறும் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இவ்வளவு பெரிய அறுவைக்குப் போதுமா?

தனித்தனியே போதாது, சேர்த்து, நேரம் தவறாமல் தந்தால் பெரும் பகுதி வலியைச் சுமப்பவை இவைதான். பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றால் கிலோவுக்கு 15 மி.கி. அதோடு டைக்ளோஃபெனாக் அல்லது இபுபுரூஃபன். இவ்வகை மருந்துகள் கருப்பைச் சுருக்க வலிக்குக் காரணமான புராஸ்டகிளாண்டினையே குறைப்பதால், டாப் பிளாக்கால் எட்ட முடியாத வலி இவற்றுக்கு அடங்குகிறது. மூன்றும் பாலில் மிகச் சிறிதளவே செல்கின்றன. வாயால் சாப்பிட முடிந்ததும் பாட்டிலில் ஏற்றும் பாராசிட்டமாலைவிட மாத்திரை எந்த வகையிலும் குறைந்ததல்ல.

"வலித்தால் சொல்லுங்கள், தருகிறோம்" என்பது நம் வார்டுகளின் பழைய வழக்கம். தாய் சொல்லத் தயங்குவார்; சொன்னபின் செவிலியர் வர நேரமாகும்; வந்த மருந்து வேலை செய்ய மேலும் அரை மணி. அதற்குள் வலி ஏறிவிடும், ஏறிய வலியை இறக்க வலிமையான மருந்து தேவைப்படும்.

டைக்ளோஃபெனாக் யாருக்குக் கூடாது?

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு இன்னும் சீராகாதவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், ஆஸ்பிரின் வகையால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா நோயாளிகள் ஆகியோருக்குக் கூடாது. கர்ப்பகால இரத்த அழுத்தம் கடுமையாக இருந்து சிறுநீர் குறைந்திருந்தாலும் தவிர்க்க வேண்டும். துணை மருந்துகள் உண்மையிலேயே தவிர்க்க முடியாதவையாக ஆவது இவர்களுக்குத்தான்.

அப்படியென்றால் எது சிறந்தது?

பாதுகாப்பாகக் கலக்கவும் இரவில் கண்காணிக்கவும் வசதியுள்ள இடத்தில், முதுகு ஊசியில் குறைந்த அளவு மார்ஃபின், மேலே பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஒருமுறை டெக்ஸாமெத்தசோன். மார்ஃபின் இல்லாத இடத்தில் ஃபெண்டனிலோடு டாப் பிளாக் அல்லது காய விளிம்பில் மரப்பு மருந்து, மற்றவை அப்படியே. டெக்ஸ்மெடிடோமிடினை நான் இவற்றுக்கு அடுத்த வரிசையில்தான் வைப்பேன். அடிப்படை மாத்திரைகள் நேரத்துக்குத் தரப்படாத வார்டில் இவற்றில் எதைச் சேர்த்தாலும், முதல் இரவு கழியும், இரண்டாம் நாள் தாய் அழுவார்.

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

"டாக்டர், முதுகு ஊசியில் என்ன சேர்க்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தாங்கும், அதன் பிறகு எந்த மருந்து எத்தனை மணிக்கு?" என்று கேட்டாலே போதும். முந்தைய பிரசவத்தில் வாந்தி, கடும் அரிப்பு, மாத்திரை ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். துணைக்கு இருப்பவர் மருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போதும் இருமும்போதும் சிறிய தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் இழுப்பு குறையும்.

எப்போது காத்திராமல் கூப்பிட வேண்டும்?

எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மிக மெதுவாதல், மரப்பு விட்டு வந்த கால் மறுபடியும் வலுவிழத்தல், அடங்கியிருந்த வலி திடீரென்று மாறி வயிறு விறைப்பாதல், துணி நனையும் அளவு இரத்தப்போக்கு, காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரை நேரம் வரட்டும் என்று இருக்காமல் அப்போதே செவிலியரை அழையுங்கள்.